கொடிக்கம்பியும் கடல் பிரியாணியும்

ஜூன் 9, செவ்வாய்

வெயில். மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். என் எடை பார்க்கவில்லை, பயம்.

கீழ் போர்ஷன் பர்வீன் இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் வீட்டுக்காரர் ஜமால் சரக்குக் கப்பலில் சமையல்காரர். போர் நடக்கிற கடலுக்குப் பக்கத்தில் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. பாதுகாப்புக்காக நெட்டை நிறுத்திவிட்டார்களாம். போன வாரத்திலிருந்து ஒரு போன் இல்லை. டி.வி. போட்டால் சேனலுக்கு ஒரு கப்பலாகக் கொளுத்துகிறார்கள், பின்னணி இசையோடு. பார்த்துப் பார்த்து அவளுக்கு மயக்கமே வந்துவிட்டது. ஆவேசமாகப் போய் கேபிள் ஒயரை நானே பிடுங்கி எறிந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது எங்கள் வீட்டு ஒயர். அவள் ஒயரை அவளே பிடுங்கினாள்.

வெள்ளிக்கிழமை பிரியாணியும் நின்றுபோனது. பர்வீன் பிரியாணிக்குத் தெருவே அடிமை. கேட்டால், “அவர் குரலக் கேக்காம தேக்சாவ அடுப்புல ஏத்த மாட்டேன்க்கா” என்கிறாள். எப்பேர்ப்பட்ட விரதம்! கண் கலங்கிவிட்டது. உலக சமாதானத்துக்கு நான் வேண்டிக்கொள்வதில் முக்கால் பங்கு ஜமாலுக்கு. மீதி கால், அந்த தேக்சாவுக்கு.

ஜூன் 10, புதன்

புழுக்கம். வடகம் போட்டேன். நன்றாக வந்திருக்கிறது (சொல்ல ஆளில்லை, நானே எழுதிக்கொள்கிறேன்).

டி.வி. இல்லை. செய்திக்கு இனி என் வீட்டுக்காரர் ரேடியோதான். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டர்; டூட்டி முடிந்து வந்தால் அதைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்காருவார். என்னை அப்படி ஒட்டிக்கொண்டதாக ஞாபகம் இல்லை. ஏரியல் உடைந்து, அந்த இடத்தில் குடைக்கம்பி. வீட்டுக்குள் வெறும் கரகர. மொட்டை மாடிக்குப் போனால், அதுவும் யாராவது ஒரு கையால் துணி உலர்த்தும் கொடிக்கம்பியையும் மறு கையால் குடைக்கம்பியையும் பிடித்துக்கொண்டால், கேட்கிறது. இவர் பிடித்தார்: இரைச்சல். மாடி போர்ஷன் தனசேகர் அண்ணன் பிடித்தார்: தெலுங்கு. நான் பிடித்தேன். செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

“பாத்தியா மாமே, டவர் மாரி கீறா. சும்மா இஸ்த்துக்குது” என்றார் இவர், அண்ணனிடம்.

ராத்திரிக்கு ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூன் 11, வியாழன்

சாயங்காலம் காற்று. எல்லோரும் மாடியில்.

தனசேகர் அண்ணன் பகலில் மண்ணூர்பேட்டை போல்ட் கம்பெனி சூப்பர்வைசர், சாயங்காலத்தில் முப்படைத் தளபதி. என் கோலமாவை எடுத்துத் தரையில் கடல் வரைந்தார். ஜலசந்தி நேராகப் போய் எங்கள் தண்ணீர்த் தொட்டியில் முட்டியது. கப்பல்களுக்கு என் வடகம். இரண்டு கப்பலை மூழ்கடித்துவிட்டார், வாய்க்குள்.

“ஜமால் கப்பல் இதாம்மா” என்று ஓரத்து வடகம் ஒன்றைக் காட்டினார். பர்வீன் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே அதை மெல்ல நகர்த்தி, கரைப் பக்கம் வைத்தாள். அதை மட்டும் யாரும் தின்னவில்லை.

செய்தி. நான் என் இடத்தில், இரு கையிலும் கம்பி. விலைவாசி, யாரோ அமைச்சர், அப்புறம்: காத்திருந்த சரக்குக் கப்பல்கள் புறப்பட அனுமதி…

“அல்லாவே! முருகா!” இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

கர்ர்ர்ர். திரும்பப் பிடித்தபோது மழை நிலவரம்.

“அறிவு கீதாடி உனக்கு? எந்தக் கப்பலு, எப்பன்னு சொல்லச்சொல்ல கையத் தூக்கறியே!”

“சந்தோஷத்துல தூக்கிட்டேங்க.”

“சந்தோஷம்னா வாயத் தொற. கைய இன்னாத்துக்குத் தொறக்கற?”

பர்வீன் என்னையே பார்த்தாள். “எல்லாக் கப்பலுமாக்கா? சிலது மட்டுமா?” எனக்குத் தெரியவில்லை. தெரு முழுக்க விஷயம் சொல்கிறவளுக்கு, சொல்ல வேண்டிய ஒரே நாளில் விஷயம் இல்லை.

அடுத்த செய்திவரை ஒருவரும் இறங்கவில்லை. நடுவில் பாட்டு. இன்னொரு முறை கையை எடுத்துவிடுவேன் என்று என் ஜாக்கெட் கையையும் முந்தானையையும் கொடியோடு சேர்த்து கிளிப் போட்டாள் பர்வீன். பாதி அழுகை, பாதி சிரிப்பு. துணியோடு துணியாகத் தொங்கினேன்.

செய்திக்கு முன் வரும் இசை. அதே நொடி கீழே சார்ஜில் கிடந்த அவள் போன் அடித்தது.

ஒரு செருப்பு மாடியில், ஒன்று படியில், ஆள் கீழே. நானும் ஓடப் பார்த்தேன். கிளிப்.

“ஆடாத! செய்தி சொல்றான்.”

சொன்னான். ஒருவர் காதிலும் விழவில்லை. எல்லாக் காதும் படிக்கட்டில். முதலில், “சாப்ட்டீங்களா மச்சான்?” பிறகு, “நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா! கப்பலு கெளம்பினா ஒடனே சொல்ல மாட்டியா? கஞ்சி கூட எறங்கலய்யா எனக்கு!” அரை மணி நேரத்துக்குக் குறையாத திட்டு. இவ்வளவு அழகான திட்டை ரேடியோவில் எந்த ஸ்டேஷனிலும் கேட்டதில்லை. முப்படைத் தளபதி சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். இவர் ரேடியோவை அணைத்துவிட்டு, “தூசு” என்றார்.

என்னைக் கழற்ற எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஜூன் 12, வெள்ளி

மேகம். திருமழிசையில் நான் வேலை பார்க்கிற கம்பெனிக்கு லீவு சொன்னேன், வயிற்றுவலி என்று. பொய்யில்லை, சாப்பிட்ட பிறகு வரும்.

கீழிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை. புதினா. கிண்ணத்தோடு இறங்கினேன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் எப்போதும் அப்படித்தான். கைப்பக்குவத்தில் கண் படக்கூடாது என்று சாத்துகிறாள் போல, என நினைத்திருந்தேன். இன்று தள்ளிவிட்டேன்.

உப்பு டப்பாவில் சாய்ந்து நிற்கிற போன். அதில் ஜமால், தலையில் வெள்ளைத் தொப்பி, பின்னால் பாத்திரங்கள் ஆடுகின்றன.

“தீயக் கொற. இன்னும். தக்காளி நான் சொன்னப்புறம் போடு.”

“சொல்லித் தொலைங்க மச்சான், கை சும்மா நிக்குது.”

விரதமாவது ஒன்றாவது! ஜமால் குரல் இல்லாவிட்டால் இவளுக்கு உப்பு எத்தனை கை என்றே தெரியாது. இத்தனை வருஷமாகத் தெரு தின்றது நடுக்கடலில் சமைத்த பிரியாணி.

கரண்டியோடு திரும்பினாள். முகமெல்லாம் சிவப்பு. “அக்கா… யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“அக்கா பாத்துட்டாங்களா?” போனிலிருந்து ஜமால். “அப்போ பூந்தமல்லிக்கே சொன்ன மாதிரி. அக்கா, கிண்ணம் சின்னதா கீதே, பெருசா எடுத்துனு வாங்க.”

சத்தியம் செய்தேன். என் தலையில் அடித்துத்தான்.

இவரிடம் மட்டும் சொன்னேன். இவர் தனசேகர் அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

கீழே பர்வீன், “அக்கா!” என்று கத்துகிறாள். தம் பிரித்துவிட்டாளா, விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டதா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எதற்கும் போகிறேன். பெரிய கிண்ணம்.