பெயர் வெட்டிய கல்

ஐப்பசி, பௌர்ணமிக்கு மறுநாள், இரவு.

எங்கள் கிரானைட் பட்டறையிலிருந்து கல்லறைக் கற்கள் வாங்கும் நெதர்லாந்து வியாபாரி பீட்டர் இன்று திருவண்ணாமலைக்கே வந்துவிட்டார். ஒரு கருங்கல்லைத் தேர்ந்தெடுத்து, அதில் தன் பெயரையே வெட்டச் சொன்னார். இறக்கும் வருடத்துக்கு மட்டும் இடம் விடவேண்டுமாம்.

எழுத்து வெட்டும் பாஷா பாய் உளியைக் கீழே வைத்துவிட்டார். "உயிரோட இருக்கறவரு பேர வெட்ட எனக்குக் கை வரலைங்க."

"அவங்க ஊர்ல இது சகஜம் பாய்," என்றேன். நானே அங்கே பார்த்திருக்கிறேன். கணவரின் கல்லறையில் தன் பெயரையும் வெட்டி வைத்துவிட்டு, ஒரு அம்மாள் அதைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவைக்கூட முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளும் வசதியான ஊர் என்று அன்று வியந்தேன்.

பாய் மனமில்லாமல் வெட்டி முடித்தார். பாலிஷ் போட்ட கல் கண்ணாடி மாதிரி இருந்தது. மூவரும் அதன் முன் நின்றோம். நான் தெரிந்தேன், பாய் தெரிந்தார். எங்கள் நடுவில் பீட்டர் தெரியவேண்டிய இடத்தில் பின்னாலிருந்த மலைதான் தெரிந்தது. வெயில் விழுந்த கோணமாக இருக்கும்.

பீட்டரும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் கப்பலில்தான் அனுப்புவோம். போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும்.

"இதை மட்டும் விமானத்தில் அனுப்ப முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

முடியும் என்றேன். பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை.