நிறைந்தபடி திரும்பிய போத்தல்

மச்சான்,

அலுமாரியைத் திறந்தால் முதலில் வருவது அந்தப் போத்தலின் வாசனைதான். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாசனை, அதோடு கொஞ்சம் ரப்பர். நீ போட்டியில் ஓட்டிய என் இரண்டாவது சைக்கிளில் மாட்டியிருந்த வெள்ளைப் போத்தல். வாய் வரை தண்ணீர் நிரப்பி மாட்டிவிட்டவன் நான்தான். பாலாவிச் சந்தியில் புறப்பட்டு, கற்பிட்டி வரை போய்த் திரும்பி, நுரைச்சோலை மைதானத்துக்கு நீ முதல் ஆளாக வந்து இறங்கியபோதும் அது வாய் வரை நிரம்பித்தான் இருந்தது. இத்தனை நாளும் அதைக் கழுவி உன் கப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். உன் கப் என் அலுமாரிக்கு எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாம் வாரம் நான் தேநீர்க்கடையில் இருந்தேன். பக்கத்து மேசையில் ஒருவன் போனில் சைக்கிள் ஓட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். ஐரோப்பாவில் எங்கோ நடக்கிற பெரிய ஓட்டம். யாரும் கேள்விப்படாத ஒருவன் கடைசி ஏற்றத்தில் பேர்போன ஆட்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுத் தனியாகப் போய் வென்றான். அவன் கையைத் தூக்கி முடிக்குமுன்னே கடையில் தீர்ப்பு வந்துவிட்டது.

"மருந்துதான், வேறென்ன? நேத்து வரைக்கும் பேரே இல்லாதவன் இண்டைக்கு முதலாவது."

"அவன விடு. நம்மட மீன்காரனும் இப்பிடித்தானே? சோதனைப் போத்தல நீட்டினதும் முழிச்சானே, மறந்துட்டியா?"

உன்னைத்தான் சொன்னார்கள். நீ மண்ணுக்குள் போய் எட்டு மாதம். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன். அந்த வெளிநாட்டுக்காரன் சுத்தமானவனா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அந்த விளையாட்டில் ஊசி போட்டு வென்று, பிறகு பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. சோதிக்கட்டும், நன்றாகச் சோதிக்கட்டும். சோதிக்குமுன்னே முடிவு சொல்லிவிடுகிற வாயோடுதான் எனக்குச் சண்டை. தெரியாத ஆள் வென்றால் ஏன் உடனே மருந்து? அவன் எங்கே ஓடிப் பழகினான் என்று ஒருவரும் கேட்பதில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

நீ எங்கே பழகினாய் என்று எனக்குத் தெரியும். விடியக் கரைக்குப் போவாய். மீனும் ஐஸும் நிறைந்த பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டுவாய். மாம்புரியில் தொடங்கி வீடு வீடாக, சோளகக் காற்றுக்கு எதிராக, ஒன்பது மணிக்குள் விற்று முடிப்பாய். மற்ற மீன்காரர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிய பிறகும் நீ மாறவில்லை. "பெற்றோல் மீன் தின்னுதுடா, எனக்கு மிஞ்சாது" என்று சிரிப்பாய். இருபது வருடம் அந்தப் பெட்டியை இழுத்தவன் பெட்டி இல்லாத சைக்கிளில் ஏறினால் எப்படிப் போவான் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நான் பத்து வருடமாகப் போட்டி ஓடுகிறவன். ஒரு நாள் உன்னைப் பெட்டியோடு முந்தப் பார்த்தேன். முடியவில்லை. அன்றைக்குத்தான் உன்னைச் சித்திரைப் புத்தாண்டுச் சைக்கிள் போட்டிக்கு இழுத்தேன்.

"எனக்கென்னத்துக்கு மச்சான் இந்த வயசில?" என்றாய். நாற்பத்தொரு வயது. பிறகு, "சரி, ஒருக்கா ஓடிப் பாப்பம்" என்றாய்.

அந்த வருடம், இப்போதைக்கு இரண்டு வருடத்துக்கு முன், போட்டி பெருநாளுக்கு அடுத்த வாரம் வந்தது. நீ ஆறு நோன்பு பிடித்துக்கொண்டிருந்தாய். றமழானுக்குப் பிறகு விரும்பியவர்கள் பிடிக்கிற ஆறு நோன்பில் அன்று உனக்கு ஐந்தாவது. முதல் நாள் மாலை என் வீட்டில்தான் நோன்பு திறந்தாய். கஞ்சிக் கோப்பையை வைத்துக்கொண்டு நான் கெஞ்சினேன்.

"நாளைக்கு மட்டும் விடு மச்சான். கட்டாய நோன்பில்லையே. பிறகு பிடிச்சுக்கலாம்."

"முப்பது நாளும் நோன்போட மீன் பெட்டி இழுத்த காலுடா இது. நாளைக்குப் பெட்டியும் இல்ல. என்ன பயம்?"

"சரி, அப்ப சொல்லிட்டு ஓடு."

"என்னத்தச் சொல்ற? நான் நோன்பு எண்டு மைக்கில சொல்லவா? அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கதை. நீயும் வாயத் திறக்கப்படாது, சரியா?"

சரி என்றேன். அந்தச் சரி இன்னும் என் தொண்டையில் கிடக்கிறது.

அன்று நீ எப்படி வென்றாய் என்று பார்த்தவன் நான். கற்பிட்டியில் திரும்பும் வரை எல்லோரும் ஒரே கூட்டமாகத்தான் வந்தோம். மாம்புரியில் போட்டிக் கமிட்டி தண்ணீர் மேசை போட்டிருந்தது. ஊர்ச்சனம் சாறு சொட்டும் சிவப்பு வத்தகப்பழக் கீற்றை நீட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றது. வெயிலுக்கு எங்களுக்கு நாக்கு வெளியே வந்திருந்தது. எல்லோரும் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் சாய்ந்தோம், ஒருவர் கையில் ஒருவர் இடித்தோம், இரண்டு பேர் விழுந்தார்கள். நீ வலப்பக்கத்தால் போனாய். மேசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது நீ அடுத்த வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தாய். அந்த நேரம் பார்த்துக் கடல்காற்றும் எழும்பியது. எந்தத் தென்னந்தோட்டம் காற்றை மறைக்கும், எந்த வெளியில் குனிய வேண்டும் என்பது தினமும் அந்த ரோட்டில் மீன் விற்றவனுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து விலையுயர்ந்த சைக்கிளோடு வந்தவர்களுக்குத் தெரியாது. நான் இரண்டாவதாக வந்தேன். நீ குடிக்காத தண்ணீர்தான் உன்னை வெல்ல வைத்தது.

அதே தண்ணீர்தான் உன்னைக் கவிழ்த்தது.

"ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம இந்த வெயிலில ஒரு மனிசன் வருவானா? போத்தலப் பாருங்க, அப்பிடியே இரிக்கி. உள்ளுக்கு என்னமோ போட்டிரிக்கான்." வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர்தான் தொடங்கினார். கூடவே, "அகதிப் பொடியன்தானே, காசுக்கு என்னவும் செய்வான்" என்று நம்மூர்க் குரலும் ஒன்று கேட்டது. யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம் சனத்தையெல்லாம் விரட்டியபோது உனக்கு ஏழு வயது. நாற்பது தாண்டியும் உனக்கு அந்தப் பெயர்தான்.

சோதிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். சிறுநீர்ப் போத்தலை உன் கையில் தந்துவிட்டு, பந்தலுக்குள் நீலக் கதிரையில் உன்னை உட்கார வைத்தார். காலையிலிருந்து வியர்வையாகவே எல்லாம் போன உடம்பு. வரவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார், சோடா கொடுத்தார், கடைசியில் ஒரு செவ்விளநீரை வெட்டுவித்துக் கொண்டுவந்து, "பொன்ன மல்லி, பொன்ன" என்று சிங்களத்தில், தம்பிக்குச் சொல்வதுபோலக் குடிக்கச் சொல்லிக் கெஞ்சினார். நீ தலையை ஆட்டினாய். அவ்வளவுதான். கமிட்டியில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் நம்மவர்கள். நீ நோன்பாக இருக்கலாம் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. பந்தலுக்குப் பின்னால் புரியாணிப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படித் தோன்றும்?

நான் வாயைத் திறக்கப் போனேன். நீ கண்ணைக் காட்டினாய், வேண்டாம் என்று. நான் மூடிக்கொண்டேன். உனக்குத் தந்த வாக்குக்காக மூடினேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்று சொல்கிறேன், அது பாதிதான் உண்மை. நீ விழுந்தால் முதலாவது நான். அது என் மனதில் ஓடியது, மச்சான். ஓடவில்லை என்றால் நான் பொய்யன்.

நாலு மணிக்குக் கொழும்புக்கு வான் வண்டியைக் கிளப்ப வேண்டும் என்றார்கள், சோதிக்க வந்தவர்கள். 'சோதனைக்கு மறுத்தார்' என்று தாளில் எழுதினார்கள். கப் என் கைக்கு வந்தது. கை தட்டினார்கள். நான் அதை வாங்கினேன். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "தூசி படாம வை" என்று சொல்லிச் சிரித்தாய். நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு சொல்ல இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. இன்னும் இருக்கிறது. "நான் நோன்பு, மாலை வரை பொறுங்கள்" என்று சொல்ல என்ன வந்தது உனக்கு? சொன்னால் பெருமையடிப்பது ஆகிவிடும் என்றாய். நோன்பைச் சாட்டாக வைத்து வென்றான் என்பார்கள் என்றாய். சொல்லாததால் என்ன மிச்சம்? ஒரு மாதத்தில் அந்தக் கதை உன் பெட்டிக்குள்ளும் புகுந்தது. "ஆளுக்கு மருந்து அடிக்கிறவன் மீனுக்கு அடிக்க மாட்டானா?" என்று நுரைச்சோலையில் ஒருத்தி சொல்ல, ஒரு தெருவே உன்னிடம் வாங்குவதை விட்டது. நீ பெட்டியைத் திறந்து, செவுளை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பந்தலில் வாய் திறக்காதவன், மீனுக்காக வாய் திறந்தாய்.

போன வருடம் எலிக்காய்ச்சல். சிலாபம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். டொக்டர் எழுதிய தாள் உன் வீட்டில் இருக்கிறது. இருந்தும் ஜனாஸா அடக்கத்துக்கு வந்த இடத்தில், உன் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் வைத்திருந்தபோதே, பின்னால் ஒருவன் கிசுகிசுத்தான்: "அந்த மருந்து உடம்ப விடுமா?" உன்னைச் சுமந்துகொண்டிருந்ததால் நான் திரும்பவில்லை.

தேநீர்க்கடையிலிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். கப்பைக் கொண்டுபோய் உன் பெண்சாதியின் முன்னால் வைத்தேன். அண்ணனை அழைப்பதுபோல என்னை 'நானா' என்று கூப்பிடுகிற அவள் அதைத் தொடவில்லை.

"கப் வேணாம் நானா. பள்ளிக்கூடத்தில புள்ளைக்கு மருந்துக்காரன்ட மகள் எண்டு பேரு. அந்தச் சோதனைத் தாளில உள்ள சொல்ல அழிச்சுத் தாங்க. அது போதும்."

கப்பைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அன்றே இந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். நாற்பத்து மூன்று வயதில் எதற்கு என்று என் வீட்டில் கேட்டார்கள். நானும் ஆறு நோன்பைத் தொடங்கியிருந்தேன். ஐந்தாவதைப் போட்டி நாளுக்கு வைத்துக்கொண்டேன்.

நேற்றுத்தான் அந்த நாள். உன் போத்தலை வாய் வரை நிரப்பி மாட்டினேன். உன்னைப் போல் நான் மறைக்கவில்லை. புறப்படுமுன் மைக்கைப் பிடுங்கிச் சொன்னேன்: "நான் இண்டைக்கு நோன்பு. ரெண்டு வருசத்துக்கு முந்தி வெண்டவனும் நோன்பு. தண்ணியில்லாம ஓட முடியாது எண்டு சொன்ன ஆக்கள் எல்லாரும் முடிவுக்கோட்டில வந்து நில்லுங்க." நீ காத்த ரகசியத்தை ஊருக்கு முன்னால் உடைத்தேன். கோபமென்றால் கோபி. நீ இருந்தவரை உன் சொல்லைக் காத்தேன், அதில் உனக்கு ஒரு நன்மையும் வரவில்லை.

பதினேழாவதாக வந்தேன். மாம்புரி வெளியில் கண் இருட்டியது. இறங்கித் தள்ளலாமா என்று யோசித்தேன். உன் கால் எனக்கில்லை, அது அங்கே வைத்தே தெளிவாகிவிட்டது. ஆனால் வந்து சேர்ந்தேன். போத்தலைக் கழற்றிக் கமிட்டி மேசையில் வைத்தேன். ஒரு சொட்டுக் குறையவில்லை. பிறகு ஒரு நீலக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன வேணும்?" என்றார் தலைவர்.

"சோதனைப் போத்தல்."

"பதினேழாவதா வந்தவருக்கு என்னத்துக்குச் சோதனை?"

"முதலாவதா வந்தவனுக்குச் செஞ்சீங்களே. இந்த முறை பாங்கு வரைக்கும் இரிந்து செய்யுங்க."

எழும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஐந்து பேரும் இருந்தார்கள். பந்தல் கழற்ற வந்தவர்கள் எங்களைச் சுற்றிக் கழற்றினார்கள். வெயில் சாய்ந்தது. பாங்கு கேட்டதும் தலைவர்தான் பேரீச்சம்பழத்தை நீட்டினார். உன் போத்தலைத் திறந்து குடித்தேன். நாள் முழுக்க வெயிலில் கிடந்த தண்ணீர், சுடச்சுட இருந்தது. அரை மணி நேரம் ஆகவில்லை. மைதானத்துக் கக்கூசுக்குப் போய், சோதனைப் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இவ்வளவுதான் தலைவர். அவனுக்கும் இவ்வளவுதான் தேவைப்பட்டிச்சு."

அவர் அதன் மூடியைத் திருகி இறுக்கினார். "அவர் ஒரு வார்த்தை சொல்லியிரிக்கலாமே" என்றார் மெல்ல.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிரிக்கலாமே" என்றேன்.

தாள் கொழும்பில் இருக்கிறதாம், எழுதிப் பார்க்கலாமாம். நான் கப்பை மேசையில் வைத்துவிட்டு, என் பெயரை முதலில் வெட்டுங்கள், பிறகு எழுதிப் பாருங்கள் என்றேன். மைதானச் சுவரில் வென்றவர்கள் பெயர்ப்பலகை இருக்கிறதே, அதில் அந்த வருடத்துக்கு நேரே இருந்த என் பெயரை இன்று காலையில் அழித்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். உன் பெயர் இன்னும் ஏறவில்லை. வெறும் இடம் இருக்கிறது. உன் மகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "வாப்பாட இடமா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

போத்தல் என்னிடம்தான் இருக்கும், தரமாட்டேன். பெருநாள் வருடத்துக்குப் பத்து நாள் முந்துவதால், அடுத்த வருடம் போட்டி வருமுன்னே ஆறு நோன்பு மாதம் முடிந்துவிடும் என்று கலண்டரில் பார்த்தேன். அதனால் என்ன, திங்கள் வியாழன் போல விரும்பிப் பிடிக்கிற நோன்பு வேறும் இருக்கிறதே. உன் பெயர் ஏறும் வரை ஒவ்வொரு வருடமும் நிரப்பி மாட்டுவேன். குடிக்காமல் வந்து அவர்கள் மேசையில் வைப்பேன். பாங்கு வரை அவர்களை உட்கார வைப்பேன்.