வயரை மாற்றிப் பார்த்தோம், ரிஸ்வானா

என் வாயாடி ரிஸ்வானா,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அங்கிருந்தே என்னை ஏசுவாய். நம் கட்டுரையைத் திரும்பப் பெறத் தேவையில்லை. நீ கண்டது சரி. அப்பாடா! எழுதும்போதே நெஞ்சுப் பாரம் இறங்குகிறது.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கொழும்பில் ஒரு கூட்டம். நம் பளிங்குத் தகட்டை, அந்தப் படிகத் துண்டைப் பற்றிச் சொன்னேன். மின்னழுத்தம் கொடுத்தால் பளிங்கு இழுபடும், அதன் மேல் படிந்த மெல்லிய காந்தப் படலமும் கூடவே இழுபட்டுத் தன் காந்தத் திசையைத் திருப்பும், கம்பிச் சுருளும் வேண்டாம், சூடாக்கும் மின்னோட்டமும் வேண்டாம் என்றேன். துணியை இழுத்தால் மேலே தைத்த ஒட்டும் இழுபடுந்தானே என்று நீ சொல்வாயே, அதையும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பிறகு ஒருவர் எழும்பினார். "உங்கட ஆய்வுகூடம் திருகோணமலைத் துறைமுகக் கரையில. உப்புக்காத்து பளிங்கின்ர ஓரத்தில ஈரமாப் படியும், அதால மின்னோட்டம் கசியும். அந்த ஓட்டம் உண்டாக்கின காந்தத்தைத்தான் நீங்கள் கண்டிருக்கிறியள்" என்றார். எனக்கு வந்த கோபம்! ஆனால் மனுசன் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் யன்னலைத் திறந்தால் உதட்டிலேயே உப்புக் கரிக்குமே.

வயர்களை மாற்றி, மறுபக்கத்தால் மின்னழுத்தம் கொடுக்கும் சோதனையை நாம் கடைசிக்கு வைத்திருந்தோம். அந்தக் கிழமைதான் உன்னை ஆஸ்பத்திரி வாட்டில் மறித்தார்கள். நீ உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு யாருக்குச் சோதனை நினைவு வந்தது?

கசிவுதான் காரணம் என்றால், வயரை மாற்றினதும் காந்தமும் எதிர்ப்பக்கம் திரும்பும். இழுபடுவதுதான் காரணம் என்றால், அழுத்தம் போதிய அளவு கூடியபின், எந்தப் பக்கத்தால் கொடுத்தாலும் பளிங்கு ஒரே மாதிரித்தான் இழுபடும். காந்தமும் ஒரே பக்கந்தான் திரும்பும். திரையில் காந்தத்தைக் காட்டும் கோடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்ய எனக்கு ஏலாமல் கிடந்தது. கோடு மறுபக்கம் போனால், நீ கடைசியாகச் செய்த வேலை பிழை என்று நானே உலகத்துக்கு எழுத வேண்டும். பதில் சொல்ல நீயும் இல்லை. இப்படித் தனிய மாட்டிவிட்டுப் போனாயே என்று உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன், தெரியுமா?

உன் கணவர், எனக்கு அண்ணன் போன்ற நஸீர் நானா, கிண்ணியாவிலிருந்து தானாகவே வந்தார். யாரோ கதைத்தது காதில் விழுந்திருக்கிறது.

"தங்கச்சி, நானும் பாக்கோணும்."

"பிழைச்சுப் போனா, நானா?"

"பிழைச்சாப் பிழைச்சதுதான். மத்த ஆக்கள் சொல்லிக் கேக்கிறத விட, நானே பாத்திட்டுப் போறன்."

கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் இருந்தார். நான் வயர்களை மாற்றினேன்.

"இப்ப கோடு எந்தப் பக்கம் போனா நல்லம்?"

"முந்திப் போன அதே பக்கம், நானா. மேல."

அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன். கோடு கீழே சரிந்தது. நானா என் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கோ. பளிங்கின் உள்மின்திசை மறுபக்கத்துக்குத் திரும்பும் வரைக்கும் அப்படித்தான் போகும்" என்றேன். சொன்னது எனக்கே நம்பிக்கையாக இல்லை. இன்னும் கூட்டினேன். கோடு நின்றது. பிறகு சட்டென்று எழும்பி மேலே போனது, ரிஸ்வானா! முன்பு போன அதே உயரத்துக்கு.

"அப்ப அவ கண்டது சரிதானா?"

"ஓம் நானா. ஓம், ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவே இல்லை. கடைசியில் அழுதுகொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்த நாள் முதல் உன்னை நினைக்கவே எனக்குப் பயம். நினைத்தால் உடனே அந்தச் சோதனைதான் முன்னால் வந்து நிற்கும். உன் வெறும் கதிரையைக்கூடப் பார்க்காமல் நடப்பேன். இன்று என் லிங்கநகர் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றும்போது நீ சும்மா வந்தாய், சீனி காணாது என்று குறை சொல்லிக்கொண்டு. இப்படி வந்து எவ்வளவு காலம்?

அந்த மனுசனுக்குப் பதில் எழுதப் போகிறேன், மரியாதையாகத்தான். அடுத்த தகட்டையும் சந்தேகப்படுவேன், வயரை மாற்றிப் பார்ப்பேன். செய்யாவிட்டால் நீயே விடமாட்டாய். ஆனால் உனக்காக அழுவதற்கு இனி எந்தச் சோதனையின் முடிவுக்கும் காத்திருக்க மாட்டேன். சத்தியம்.

நீ மச்சாள் என்று கூப்பிடும் உன் தோழி,
சுகந்தி