பேசி எழுதிய கதை

மார்ச் 3

அன்புள்ள நெட்டைக்கு,

நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

நாம் ஒரே பள்ளியில் பாடம் நடத்திய நாளிலிருந்து உன் கதை எதுவும் அச்சுக்குப் போகும் முன் என் மேஜைக்குத்தான் வரும். இந்த முறை எதிர்வீட்டு நர்ஸ், “பத்திரிகையில வந்த உங்க ஃப்ரெண்ட் கதை பிரமாதம் டீச்சர், நீங்க இன்னும் படிக்கலையா?” என்று கேட்டுத்தான் எனக்கே தெரியவந்தது.

நீ இப்போது பேனாவைத் தொடுவதில்லையாமே. மாடியில் நடந்துகொண்டே போனிடம் பேசுகிறாயாம், அது எழுதிக்கொள்கிறதாம். உன் மருமகள் சொன்னாள். கதையைப் படித்ததும் எனக்கும் தெரிந்துவிட்டது. ஓர் உதாரணம் சொல்கிறேன், கோபிக்காதே. “அவள் வந்தாள், உட்கார்ந்தாள், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.” கையால் எழுதியிருந்தால் அந்த ‘அப்புறம்’ விழுந்திருக்காது. விரல் வலிக்கும்போது வீண் சொல் தானாக நின்றுவிடும். வாய்க்கு ஏது வலி?

அடுத்ததை எனக்கு அனுப்பு. கையால் எழுதி.

குட்டை

மார்ச் 11

என் அருமைக் குட்டைக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கொடுக்கமாட்டாய், தெரியும்.

அந்த ‘அப்புறம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் வாயடைத்து உட்கார்ந்த நேரம் முழுக்க அதில்தான் இருக்கிறது. முன்பென்றால் எழுதும்போதே அடித்திருப்பேன். பேனாவைத் திறந்தாலே உன் முகம் வந்து நிற்கும். நீ அடிக்கப்போவதை நானே முந்திக்கொண்டு அடித்துவிடுவேன். உன்னால் என் வாக்கியங்கள் ஒழுங்காயின, மறுக்கவில்லை. ஆனால் தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் பிள்ளைகள்போல மூச்சு விடாமல் நின்றன.

போனிடம் பேசும்போது யார் முகமும் வருவதில்லை. பாதி வார்த்தையை அது தப்பாகத்தான் எழுதுகிறது, உட்கார்ந்து திருத்துகிறேன். ஆனாலும் இப்படியே ஒரு புதுப் புத்தகம் முக்கால்வாசி வந்துவிட்டது.

அதை அச்சுக்கு முன் உனக்குக் காட்டப்போவதில்லை. முதல் பிரதி உனக்குத்தான்.

உன் நெட்டை

மார்ச் 19

நெட்டைக்கு,

அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்தினேன். கதை வரவில்லை. “ஏண்டி நெட்டை” என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. உன் புத்தகம் என் கண்ணில் படாமல் அச்சுக்குப் போவதைப் பற்றித்தான் எல்லாம். முடித்து வாசித்தால், நான் எழுதிய எதுவும் இவ்வளவு உயிரோடு இருந்ததில்லை. வயிற்றெரிச்சல் அத்தனையும் சேர்த்து.

என் முகம் மறைந்தால் உனக்கு எழுத்து வருகிறது. உன் முகம் இல்லாவிட்டால் எனக்கு வாயே திறப்பதில்லை. இது என்ன நியாயம்?

முதல் பிரதியை அனுப்பாதே. கடையில் வாங்கி, உன்னை முன்பின் தெரியாதவள்போல் படித்துக்கொள்கிறேன்.

குட்டை