ஒரே பை, மூன்று தரம்

1964 மார்கழி 12, சனி

துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கோயில் பாதர் நடத்திய நத்தார் விழாவில் இன்று இவர் மாஜிக் காட்டினார். ஒரே சிவப்புப் பையை மூன்று தரம் காட்டச் சொன்னது நான்தான். "பிள்ளையள் என்னைப் பார்த்துச் சிரிக்குங்கள்," என்று நேற்று முழுக்கக் கத்தினார்.

சிரித்தார்கள்தான். முதல் இரண்டு தரமும் பை வெறுமையாக இருந்தது. மூன்றாம் தரம், "அதுக்குள்ள ஒண்டுமில்லை!" என்று அவர்கள் கூவும்போதே, நான் தைத்த ரகசிய மடிப்பிலிருந்து இனிப்புகள் கொட்டின. மண்டபமே அதிர்ந்தது.

"ஆற்ற யோசனை?" என்று பாதர் கேட்டார்.

"என்ர தான், பாதர். என்ர மனுசிக்கு உதெல்லாம் விளங்காது."

நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

நாளை பாலையூற்றில் அதே காட்சி. இவர் குறட்டை விடுகிறார். அந்த மடிப்பின் வாயைத் தைத்து மூடிவிட்டேன். காலையில் பிரிப்பேனோ, தெரியாது.