உறைக்கு அடியில் உன் வண்டி

அன்புள்ள லேட்டுக்கு,

நானும் உன் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே குளிர் கொஞ்சமாவது குறைந்ததா? குளிர்பதனக் கிடங்கிலிருந்து வெளியே வந்தால் அரை மணி நேரம் விரல் மரத்துப்போய்க் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். வெளியே வந்ததும் கையைச் சுடுதண்ணீரில் விடாதே, மெதுவாகச் சூடு ஏறட்டும் என்று எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் சொன்னார். உனக்காகத்தான் கேட்டேன்.

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தினமும் பிரார்த்தனை முடிந்த பிறகு வந்து நின்று லேட்டு என்கிற பெயரை வாங்கினவன் நீ. இந்தத் தடவை தாமதம் என்னுடையது. பேனாவை எடுப்பேன், முதல் வரி எழுதுவேன், ஏதோ வேலை நினைவுக்கு வந்த மாதிரி எழுந்து போய்விடுவேன். இன்று எழுதி முடித்துவிட்டுத்தான் எழுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பெனியை மூடுகிறார்கள், ஒரே பெட்டியோடு கிளம்பி வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அதுகூடப் பரவாயில்லை, வா, இருக்கிற இடத்தில் இருந்துகொள்ளலாம். ஆனால் அதற்குக் கீழே, ‘எனக்கென்று அங்கே மிச்சம் இருப்பது அந்த வண்டி ஒன்றுதான்’ என்று எழுதினாயே, அந்த வரிதான் என்னைச் சாப்பிட விடவில்லை. பதினோரு வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் வண்டி எப்படி இருக்கிறது, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நானும் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். முதல் ஏழு வருடம் அது உண்மை. அதற்குப் பிறகு எழுதினது எல்லாம் பொய்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் வண்டியைப் பிரித்துப் பிரித்துத்தான் என் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் வாய்க்கால் உடைந்து எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? என் வண்டி இரண்டு நாள் அதற்குள் கிடந்தது என்று எழுதவில்லை. உன்னுடையது கொட்டகையில் மேட்டில் நின்றதால் தப்பித்தது. இரண்டும் ஒரே கடையில் ஒரே வாரத்தில் எடுத்த மோட்டார் சைக்கிள், நிறத்தைத் தவிர அச்சு அசல் ஒன்று. அதுதான் வினையாகப் போயிற்று. வண்டிக் கம்பெனி அந்த மாடலை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிறது. பாகம் கேட்டுப் போனால் கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்க்கிறான்.

முதலில் எடுத்தது கிளட்ச் கம்பி. ஒரு கம்பிதானே, கிடைத்ததும் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் கார்புரேட்டர். அப்புறம் பின்சக்கரம். தண்ணீர் குடித்த என் எஞ்சினைக் கழுவித் துடைத்து ஒரு வருடம் ஒப்பேற்றினேன். அது கிராங்க் வரைக்கும் ஆடிப்போய் ஒருநாள் நடுரோட்டில் நின்றுவிட்டது. அதை உருக்கத்தான் போட முடிந்தது. கடைசியில் உன் எஞ்சினையும் இறக்கி என் வண்டியில் ஏற்றிவிட்டேன். யாரும் தூண்டவில்லை, நானேதான் கழற்றினேன். வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் பழுது பார்க்கிறவனுக்கு வண்டி இல்லாவிட்டால் கால் இல்லை என்று அப்போது ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்த நியாயத்தைத் திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சொன்னால் நீ சிரிப்பாயோ அடிப்பாயோ. பாகம் போகப் போக, உன் வண்டிமேல் போட்டிருந்த உறை தொய்ந்து தரையைத் தொட ஆரம்பித்தது. உருவம் தெரியவேண்டும் என்று பழைய தையல் மெஷின் ஸ்டாண்டு ஒன்றை உள்ளே செருகி வைத்தேன். உங்கள் நண்பர் வண்டியை என்ன பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் பாராட்டினார். நானும் பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே தேட ஆரம்பித்தேன். மூன்று வாரம் அலைந்த பிறகு, செங்கல் சூளை தாண்டி ஒரு பழைய இரும்புக் கிடங்கில் நம் மாடல் ஒன்று கண்ணில் பட்டது. ஐந்தாறு பழைய குளிர்சாதனப் பெட்டிகளுக்கு அடியில், ஹேண்டில்பார் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. கிடங்கு ஒரு அம்மாவுடையது. கட்டையான குரல், முழங்கைவரை கையுறை. முதலில் எடைக்குத்தான் தருவேன், பிரித்து எடுக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பேசிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு சாக்குத் தைக்கிற மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் தள்ளுங்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். கொக்கி நூலைப் பிடிக்கிற நேரம் தப்பியிருந்தது, அவ்வளவுதான். சரி செய்து ஒரு சாக்கை ஓடவிட்டுக் காட்டினேன். அந்த அம்மா தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, வேண்டியதைக் கழற்றிக்கொள்ளுங்கள், பெட்டிகளை மட்டும் நீங்களே நகர்த்திக்கொள்ளுங்கள் என்றார்.

என் கணக்கு இதுதான். உன் எஞ்சின் உன் வண்டிக்கே திரும்பவேண்டும், அதன் எண்தான் உன் வண்டிப் பதிவுப் பேப்பரில் இருக்கிறது. இந்த மூன்றாவது வண்டியின் எஞ்சின் எனக்கு. எண் ஒத்துப்போகாவிட்டாலும் நான் சமாளித்துக்கொள்வேன். என் கையில் தேய்ந்துபோன உன் பாகங்களுக்கெல்லாம் இதிலிருந்து மாற்று. இரண்டு வண்டியும் பிழைத்துவிடும் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பாகங்களைக் கழற்ற நான்கு நாள் பிடித்தது. ஒரு போல்ட்கூடச் சும்மா வரவில்லை. முதல் நாள் டீசலை ஊற்றி ஊறப்போட்டு வந்ததுதான் மிச்சம். மறுநாள் ஸ்பானரைப் போட்டால் தலை வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. சூடு காட்டி, உளி வைத்து, விரல் முட்டி இரண்டைப் பேர்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். முன் ஃபோர்க் அருமையாக இருந்தது, குழாயில் ஒரு புள்ளி துரு இல்லை. பிரேக்கு, கிக்கர், பல்சக்கரம் எல்லாம் கிடைத்தன. ஹெட்லைட் கிண்ணத்துக்குள் ஏதோ பறவை கூடு கட்டிக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. கைக்குழந்தை மாதிரி ஒவ்வொன்றையும் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தேன்.

நான்காம் நாள் எஞ்சின். சிலிண்டரைத் தூக்கினால் உள்ளே சேறு. பிஸ்டன் சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. அதைக்கூட விடுவித்திருப்பேன். கவிழ்த்துப் பார்த்தால், மேலே கிடந்த பெட்டிகளின் கனத்தில் எஞ்சினின் அடிப்பகுதியே குறுக்கே பிளந்திருந்தது, என் விரல் நுழைகிற அளவுக்கு. கிராங்கைத் திருப்பிப் பார்த்தேன், அதுவும் துருவால் தின்னப்பட்டிருந்தது. ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா வந்து பார்த்தார். டீ குடிக்கிறீர்களா என்றார். வேண்டாம் என்றேன். எஞ்சினுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, வேண்டுமானால் இன்னொரு மட்கார்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டேன்.

உன் எஞ்சினை உன் வண்டியில் ஏற்றி ஒன்பது நாள் ஆகிறது. கிளட்ச் பிளேட் மாற்றி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்து, வயரிங் முழுக்கப் புதிதாக இழுத்திருக்கிறேன். எட்டாவது உதையில் பிடித்தது. உன் தங்கச்சி அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன், சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், ஹெட்லைட் வளையம் வேறு மாடல், சீட்டு உறை நான் தைத்தது, பின்மட்கார்டில் ஒரு நெளிவு இருக்கிறது. மற்றபடி வண்டி நன்றாக இருக்கிறது. இந்தத் தடவை இது உண்மை.

என் வண்டியைப் பற்றி யோசிக்காதே. பஸ் வசதியாகத்தான் இருக்கிறது, உட்கார இடம் கிடைத்தால் ஒரு தூக்கம் போட முடிகிறது. வேலையும் முன்போல் இல்லை. மெஷின் கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள்.

நான் செய்தது தப்பு. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எடுத்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்காமல் இருந்தேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. வந்து என்னை நாலு வார்த்தை திட்டு. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

பத்திரமாக வந்து சேர்.

உன்,
ஊசி

*

அண்ணா,

இது உங்க தங்கச்சி எழுதறது. கடுதாசியைத் தபால்ல போடச் சொல்லி என்கிட்ட கொடுத்தாரு. இத்தனை வருஷத்துல அவர் கடுதாசியை நான் பிரிச்சுப் படிச்சதே இல்ல. இன்னிக்குப் படிச்சேன். பின்பக்கம் இடம் இருந்துச்சு, எழுதறேன்.

எஞ்சினை நானேதான் கழட்டினேன்னு எழுதியிருக்காரே, அது பொய். அவர் வண்டி நின்னுபோனப்புறம் ஆறு மாசம் நடந்தேதான் வேலைக்குப் போனார். மெஷினோட மேல்பாகத்தை, அதான் தலையை, தோள்ல வச்சுக்கிட்டு நடப்பார். உங்க எஞ்சின் சும்மாதானே இருக்கு, எடுத்துப் போட்டுக்கங்கன்னு நான் தினமும் நச்சரிச்சேன். அது அவன் உசுரு, அதைத் தொடாதேன்னு கத்தினார். மத்த பாகம் எடுத்ததுக்கே மனசு கேக்காமத் தவிச்சுக்கிட்டிருந்த மனுசன். ஒருநாள் அவர் வெளியே போனதும் நான் ஸ்பானரை எடுத்துட்டுக் கொட்டகைக்குப் போனேன். அவர் செய்யறதைப் பாத்துப் பாத்து எந்த போல்ட்டுன்னு எனக்குத் தெரியும். மூணு போல்ட்டைக் கழட்டிட்டேன். நாலாவது வரல, கையைக் கிழிச்சிடுச்சு. அவர் திரும்பி வந்தப்போ எஞ்சின் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு தொங்கிக்கிட்டிருந்துச்சு, நான் கைல துணியைச் சுத்திக்கிட்டு அங்கேயே உக்காந்திருந்தேன். என் கைக்கு மருந்து போட்டார். அப்புறம் அந்த நாலாவது போல்ட்டை அவரே கழட்டினார். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க அண்ணா. அவரைத் திட்டினா நான் தாங்க மாட்டேன்.

பஸ் வசதியா இருக்குன்னு எழுதியிருக்கார். மெஷின் தலையோட ஏறினா எண்ணெய் ஒழுகும்னு நடத்துநர் இறக்கி விட்டுடறாராம். அதனால பாதி நாள் பையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டு, அங்கேயே சரி பண்ண முடியாததை விட்டுட்டு வந்துடறார். அதுதான் வேலை முன்போல இல்லைங்கறதுக்கு அர்த்தம். ராத்திரி வலது தோள் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க முடியல. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.

இன்னொன்னு அவர் எழுதவே இல்ல. எஞ்சின் இல்லாத தன் வண்டியைப் போன வாரம் அந்தக் கிடங்குக்கே தள்ளிக்கிட்டுப் போய்க் கொடுத்துட்டு வந்துட்டார். என்னைக்காவது ஒரு எஞ்சின் கிடைக்குமே, எதுக்குக் கொடுத்தீங்கன்னு அழுதேன். அவன் வந்து இதை இப்படிப் பாத்தா அவனுக்குத் தன் வண்டியை எடுக்க மனசு வராது, அவன்கிட்ட வேற என்ன இருக்குன்னு கேட்டார்.

நீங்க வெறுங்கையோட வர்றீங்கன்னு எனக்கும் தெரியும். எங்க வீட்ல உங்களுக்கு ஒரு தட்டு எப்பவும் உண்டு, அதுக்கு யோசிக்காதீங்க. வண்டி உங்களோடது. அதுல நான் எதையும் கேக்கல, கேக்கவும் மாட்டேன்.

ஒரே ஒரு காரியம். பாலம் தாண்டி ஒரு தையல் கூடம் இருக்கு. பன்னெண்டு பொம்பளைங்க வேலை செய்யற இடம். அதுல மூணு மெஷின் ஒரு மாசமா நின்னு கிடக்கு. அங்க பஸ் போகாது. வாராவாரம் அடுத்த வாரம் வர்றேன்னு அவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கார். வந்த அலுப்பு தீரட்டும், ரெண்டு நாள் தூங்கி எழுந்திரிங்க. அப்புறம் வண்டியை எடுத்துக்கிட்டு, சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு சொல்லி அவரைப் பின்னாடி உக்கார வச்சு அந்தப் பக்கமாக் கூட்டிக்கிட்டுப் போங்க அண்ணா. அவரா கேக்க மாட்டார். நான் சொன்னேன்னு தெரிஞ்சா ஏறவும் மாட்டார்.

உங்க தங்கச்சி