அம்மாவின் பெயரும் ஆபரேஷன் தேதியும்

அப்பா,

அம்மாவை மறுபடி செங்கல்பட்டு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அதே குடல் வீக்கம், மூன்றாவது முறை. மாத்திரையில் அடங்கினாலும் திரும்ப வரும், வீங்கும் அந்தக் குடல் துண்டை வெட்டிவிடலாம் என்று போன தடவையே சொன்னார். பிறகு நர்ஸ் உன்னிடம் போனில், "ஆபரேஷனுக்குத் தேதி போட்டுடலாமா? பேஷண்ட் பேரு சொல்லுங்க" என்றாள். நீ அம்மா பெயரைச் சொன்னாய்: "வேண்டா."

ஆபரேஷன் வேண்டாம் என்று நர்ஸ் எழுதிக்கொண்டது நேற்றுத்தான் தெரிந்தது. தேதி ஏன் வரவில்லை என்று நீ ஒரு நாளும் விசாரிக்கவில்லை. கேட்டால், "நைட் டூட்டிய வுட்டுட்டு வூட்ல குந்திகினு கீற, நீ என்னிய கேக்குறியா?" என்கிறாய். குந்தியிருந்ததால்தான் அம்மாவின் முனகல் எனக்குக் கேட்டது.

ரசம் அடுப்பில் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்.

ரமேஷ்

பி.கு. நர்ஸ் திரும்பக் கூப்பிடுவாள். பெயரைச் சொல்லாதே. "என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன் வேணும்" என்று சொல்.